இன்னொருவருடைய எண்

தொடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே தொட்டுவிட்டேன். இடது தாடைக்குக் கீழே, காதுக்கும் தொண்டைக்கும் நடுவில், இரண்டு விரல்கள் தானாகப் போய் அழுத்துகின்றன, உருட்டுகின்றன, ஒன்றும் இல்லை, இன்னும் கொஞ்சம் கீழே, அங்கேயும் ஒன்றும் இல்லை, இருக்கிறதோ, மொச்சைக்கொட்டை மாதிரி ஏதோ நழுவுகிறதே, இல்லை, அது நரம்பு, வலது பக்கமும் அதே மாதிரி இருக்கிறது, அப்படியானால் இரண்டு பக்கமுமா, சீ, என்ன புத்தி இது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எதிர்ச்சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடுகிறது. ஒரு பெண் வெண்டைக்காய் நறுக்குகிறாள், நறுக்கிக்கொண்டே சிரிக்கிறாள். இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அவளையே பார்க்கிறோம், ஆனால் வெண்டைக்காயை யாரும் பார்க்கவில்லை. வாய், தாடை, கழுத்து, இவற்றில் ஏதோ ஒன்றில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று. பஞ்சு ஒட்டிய கழுத்து, கைக்குட்டையால் மூடிய வாய், மூக்கில் செருகிய குழாய். என்னைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சேலை மடிப்புக் கலையாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, யாருக்கோ துணைக்கு வந்தவள் மாதிரி இருக்கிறேன். பக்கத்து நாற்காலி அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "நீங்க யாருக்குங்க அம்மிணி வந்திருக்கீங்க?" என்றுதான் முதலில் கேட்டாள். உடுமலைப் பக்கம் ஊராம். கூடவே அவள் வீட்டுக்காரர், கழுத்தில் காது முதல் நெஞ்செலும்பு வரை ஒரு நீளத் தழும்போடு, பேச முடியாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் என்றேன். அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள். இங்கே எல்லோரும் கேட்கிற கேள்வி அது. டோக்கன் போடுகிற பெண் கேட்பாள், ஸ்கேன் எடுக்கிற பையன் கேட்பான், லிஃப்ட்காரர்கூடக் கேட்டிருக்கிறார்.

"கூட யாருங்க வந்திருக்காங்க?"

"பையன். வண்டி நிறுத்தப் போயிருக்கானுங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. எனக்குப் பையன் இல்லை. பெண்ணும் இல்லை. வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு பார்த்தால் அந்தப் பொய் நாற்காலி மாதிரி வசதியாக இருந்தது, கொஞ்ச நேரம் அதில் உட்காரலாம் போலத் தோன்றியது. இந்த ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்துவது கஷ்டம்தான். பின்னால் போய், ஜெனரேட்டர் ரூமைத் தாண்டி, வேப்பமரத்துக்கு அடியில் ரிவர்ஸ் எடுத்து விட வேண்டும். அவனுக்கு ரிவர்ஸ் நன்றாக வரும், நான் சொல்லிக்கொடுத்திருப்பேன். கண்ணாடியை மட்டும் நம்பாதே, தலையைத் திருப்பிப் பார் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருப்பேன். அவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். என் வீட்டுக்காரர் ஜாடை, அவர் மாதிரியே முன்நெற்றி ஏறியிருக்கும். அவர் இருந்தால் இந்தக் கேள்விக்கே வேலை இல்லை. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஆர்டிஓ ஆபீஸ் மைதானத்தில், லைசென்ஸுக்கு வந்த பெண் ஒருத்தியை வண்டியில் ஏற்றிவிட்டு, டீ குடிக்கலாம் என்று திரும்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். டிரைவிங் ஸ்கூல் போர்டில் அவர் பெயர்தான் இன்னும் இருக்கிறது, உள்ளே நான் இருக்கிறேன். பெண்கள் நிறைய வருகிறார்கள், பெண் சொல்லிக்கொடுத்தால் பயம் இல்லையாம். மார்கழிக் காலையில் அவர் பச்சைத்தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு வந்து என் பிடரியில் வைப்பார். நான் கத்துவேன். அதற்குப் பிறகு இந்தக் கழுத்தை யாரும் தொட்டதில்லை, டாக்டர் ரெஹானா தொடும் வரை.

"வண்டி விட இடம் கெடைக்கலயாட்ட இருக்குங்க," என்றாள் உடுமலை அம்மா. யாருக்கு என்று ஒரு கணம் புரியவில்லை. பையனைச் சொல்கிறாள். "ஆமாங்க, கூட்டம்," என்றேன். அவள் வீட்டுக்காரர் மெதுவாகத் தலையை ஆட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டதோ என்று இருந்தது. பேச முடியாதவர்களுக்குச் சில விஷயங்கள் சீக்கிரம் புரிந்துவிடுகின்றன போல. அவரைப் பார்க்காமல் மறுபடி டிவியைப் பார்த்தேன். வெண்டைக்காய் போய்விட்டது, யாரோ தங்கம் விற்கிறார்கள்.

கடைவாய்ப் பல் ஒன்று மூலையில் உடைந்திருந்தது, அதுதான் ஆரம்பம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், டாக்டர் அப்படி நிச்சயமாகச் சொல்லவில்லை. அது நாக்கின் ஓரத்தை உரசிக்கொண்டே இருக்கும். நானும் நாக்கை அதன்மேல் தேய்த்துக்கொண்டே இருப்பேன், புண் என்று தெரிந்தும் அங்கேயேதான் நாக்கு போகும். சாம்பார் எரிந்தது, சூட்டு உடம்பு என்று மோர் குடித்தேன், மெடிக்கலில் மாத்திரை கேட்டு வாங்கிச் சப்பினேன். மாம்பழ சீசன் வந்து போனது, புண் போகவில்லை. பல் டாக்டரிடம் போனது உடைந்த பல்லைத் தேய்த்துவிடச் சொல்வதற்காக. சின்னப் பெண் அவள், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை பார்ப்பாள். நாக்கை இழுத்துப் பிடித்துப் பார்த்தாள், முணுமுணுப்பு நின்றது. வெற்றிலை பாக்கு உண்டா, புகையிலை உண்டா என்றாள், எதுவும் இல்லை என்றேன். "ஒண்ணும் இருக்காது ஆன்ட்டி, எதுக்கும் ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரில காட்டிரலாம்," என்றாள். சொன்னதை விட அந்தக் குரல்தான் என்னைப் பயமுறுத்தியது. அது எனக்குத் தெரிந்த குரல். அவினாசி ரோட்டில் எதிரே லாரி வரும்போது, ஸ்டியரிங் பிடித்திருக்கும் புதுப் பெண்ணிடம் நான் அந்தக் குரலில்தான் பேசுவேன். மெதுவா, ஒண்ணுமில்ல, அப்படியே லேசா இடது பக்கம் எடு, ஒண்ணுமில்ல. லாரி எவ்வளவு பெரிதோ அவ்வளவு மெதுவாகப் பேசுவேன்.

புண்ணுக்கு அடியில் கட்டி என்றார்கள், நாக்கில் எடுத்தது சின்னத் துண்டுதான். ஆவணி மாதம். ஆபரேஷனுக்கு, கூட வந்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். எங்கள் டிரைவிங் ஸ்கூலுக்கு எதிர் ஜெராக்ஸ் கடைக்காரர் மனோகரனை அழைத்துவந்தேன், பல் எடுக்கிறேன் என்று சொல்லி. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடை திறக்கணுமே என்று ஓடிவிட்டார். நான்கு நாள் கழித்து நான் ஸ்கூலைத் திறந்தபோது ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தே "எத்தன பல்லுங்க எடுத்தாங்க?" என்று கத்தினார். இரண்டு விரலைக் காட்டினேன். வாயைத் திறக்க முடியவில்லை. கிளாஸ் எடுக்காமல் இருந்த அந்த நாட்களில் வீடு எவ்வளவு அமைதியானது என்று தெரிந்தது. ஃப்ரிட்ஜ் நின்று மறுபடி ஓடும்போதெல்லாம் யாரோ வந்துவிட்டதுபோல் திரும்பிப் பார்த்தேன்.

நாக்கோடு முடியவில்லை. கட்டியை முழுதாக எடுத்தாயிற்று, ஓரமெல்லாம் சுத்தம் என்று டாக்டர் ரெஹானா சொன்னபோது நான் எழுந்துவிட்டேன், பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டேன். உட்காருங்க பரிமளம் என்றார். நாக்கில் வருவது சில பேருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் கழுத்துக்கு இறங்கிவிடும் என்றார். கழுத்தில் நெறிக்கட்டிகள் சரம் மாதிரி இருக்கின்றன, அதில் முதல் கட்டியில் போய் உட்காரும். உட்கார்ந்தது கொஞ்சமாக இருந்தால் ஸ்கேனில் தெரியாது, கையிலும் தட்டுப்படாது. என்னை மாதிரி ஆரம்பத்தில் வந்தவர்களில் நூற்றில் இருபது, இருபத்தைந்து பேருக்கு அப்படி ஒளிந்திருக்கும். யாருக்கு என்பதுதான் தெரியாது. அதனால் பெரும்பாலும் எல்லோருக்கும் கழுத்தைத் திறந்து அந்தச் சரத்தை எடுத்துவிடுவோம், எடுத்துப் பார்த்தால் முக்கால்வாசிப் பேருக்கு அதில் ஒன்றும் இருக்காது என்றார். எடுத்தால் என்ன ஆகும் என்றேன். தோள் பலம் குறையலாம், கை தூக்கச் சிரமமாக இருக்கலாம், பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். இடது தோள். கியர் போடுகிற கை.

அப்போதுதான் இந்த டெஸ்டைப் பற்றிச் சொன்னார். எடுத்த துண்டிலேயே பார்ப்பது. ஒரு பேப்பரில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினார். "செல் எல்லாம் ஒண்ண ஒண்ணு கையப் புடிச்சுட்டு நிக்கும் பரிமளம். அந்தக் கைன்னு வெச்சுக்கங்களேன், அது ஒரு புரோட்டீன். எந்தக் கட்டில அது கொறஞ்சு போச்சோ, அதுல இருக்கற செல்தான் கையை விட்டுட்டுக் கெளம்பும். நகர்றதுக்குன்னு வேற சிலது இருக்கு, அது ஜாஸ்தியாச்சுன்னாலும் கெளம்பும். இதையெல்லாம் சேத்துப் பாத்து, பரவற வாய்ப்பு கம்மியா ஜாஸ்தியான்னு ஒரு கணக்கு சொல்வாங்க. இன்னும் ஆராய்ச்சிலதான் இருக்கு. உங்களுக்குச் சம்மதம்னா அனுப்பலாம்." சம்மதம் என்றேன். என் நாக்கின் ஒரு துணுக்கு மெழுகுக்கட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு வேறு ஊருக்குப் போனது. நான் பார்க்காத ஊர். அங்கே யாரோ அதை வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, குனிந்து பார்த்திருப்பார்கள். யார் கையை யார் விட்டார்கள் என்று பார்த்திருப்பார்கள். இந்த நாட்களில் கிளாஸ் எடுக்கும்போதெல்லாம் அதே நினைப்பு. கிளட்ச்சை மெதுவா விடுங்க, மெதுவா, விட்டுட்டீங்களே, என்று சொல்லிவிட்டு, விட்டுட்டீங்களே என்ற சொல்லிலேயே மாட்டிக்கொண்டு நிற்பேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றிருக்கும். அந்தப் பெண், "மேடம், அடுத்து என்ன பண்ணட்டும்?" என்பாள்.

"பரிமளம்!"

எழுந்தேன். உடுமலை அம்மா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இன்னும் பையனக் காணலீங்களே," என்றாள். "வந்துருவான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். டாக்டர் ரெஹானா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தவில்லை, சாதாரணமாகப் பேசினார். அதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"நல்லா வந்திருக்கு பரிமளம். கம்மி ரிஸ்க். கை கோத்துட்டுத்தான் நிக்குது எல்லாம். நகர்ற அடையாளம் ரொம்பக் கொஞ்சம். கட்டியும் ஆழமாப் போகல. இருபத்தஞ்சுன்னு சொன்னேன்ல, உங்களுக்கு அது பத்துக்குக் கீழ இருக்கும்னு நெனைக்கறேன். ஆனா இத மட்டும் வெச்சு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"அப்ப கழுத்த வெட்ட வேண்டாங்களா?"

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "வெட்டாம விடலாம். விட்டா மாசாமாசம் வரணும். நான் கையால தொட்டுப் பாப்பேன், ஸ்கேன் எடுப்போம். முதல் ரெண்டு வருஷம் ஒரு மாசம்கூட விடக்கூடாது. வந்துச்சுன்னா உடனே புடிச்சரணும், லேட்டா புடிச்சா ரொம்பக் கஷ்டம். எனக்கு இந்த ரிசல்ட்டுல பயமில்ல. நீங்க வராம போயிருவீங்களோன்னுதான் பயம்."

"நான் வருவனுங்க."

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க. பொய் சொல்றதில்ல, நெசமாவே வரணும்னுதான் நெனைக்கறாங்க. மூணு மாசம் வலியில்லாம இருந்தா மறந்துருது. வேலை, கல்யாணம் காட்சின்னு தள்ளிப்போயிருது. வீட்ல யாராவது இருந்தா இழுத்துட்டு வருவாங்க. தனியா இருக்கறவங்கதான்..." நிறுத்தினார். "போன வருஷம் ஒருத்தர். போன் பண்ணிட்டே இருந்தோம், எடுக்கல. வேற நம்பரும் எங்ககிட்ட இல்ல. ஏழு மாசம் கழிச்சு வந்தார்." எப்படி வந்தார் என்று சொல்லவில்லை. "சிஸ்டர்கிட்ட இன்னொருத்தர் நம்பர் குடுங்க. நீங்க வரலைன்னா நாங்க அவங்களக் கூப்பிடுவோம். வீட்லயும் அவங்கள வாரம் ஒருதரம் உங்க கழுத்தத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. நம்ம கை நம்ம கழுத்த ஏமாத்தும். அப்படி யாரும் இல்லைன்னா சொல்லுங்க, தப்பில்ல. அப்ப நான் வெட்டறதுதான் நல்லதுன்னு சொல்லுவேன்."

வெளியே வந்து பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். உடுமலை அம்மாவையும் அவள் வீட்டுக்காரரையும் டிரஸ்ஸிங்குக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அவர்கள் இடம் காலியாக இருந்தது. சந்தோஷமாக இருக்க வேண்டும் இப்போது. நல்லா வந்திருக்கு. நல்லா வந்திருக்கு பரிமளம். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, போனைக்கூட எடுத்துவிட்டேன், எடுத்த பிறகுதான் உறைத்தது. யாரிடம் சொல்வது? நோய் வந்ததே யாருக்கும் தெரியாதே, பரவவில்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? எனக்கு கேன்சர் வந்தது, எடுத்துவிட்டார்கள், பரவாதாம் என்று ஒரே மூச்சில் சொன்னால் கேட்கிறவர்களுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாது. அந்த ஊரில் குனிந்து பார்த்தவர்கள் எவ்வளவோ பார்த்திருக்கிறார்கள். என் செல்கள் நல்ல செல்கள், கையை விடாத செல்கள். அவர்கள் பார்க்காத ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது, அது எந்தச் சாயத்திலும் தெரியாது, கூட யாருங்க வந்திருக்காங்க என்று கேட்டால்தான் தெரியும். அதற்காக என் கழுத்தை அறுக்கப் போகிறார்கள். அறுக்கட்டுமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரே தடவை, ஒரு வாரம் படுத்து எழுந்தால் தீர்ந்தது, மாதாமாதம் யாரையும் எதற்கும் கேட்க வேண்டியதில்லை. ஒரு நம்பரைக் கேட்பதற்குப் பதிலாகக் கழுத்தை அறுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறேன் என்று தெரிந்ததும் எனக்கே என்மேல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். எல்லாம் படிக்க வந்தவர்கள். சவுரிபாளையம் ஜானகி. பேங்க் ஷர்மிளா. ரிவர்ஸ் பயம் ராஜேஸ்வரி, அவள் இப்போது தனியாக ஊட்டி வரைக்கும் ஓட்டுகிறாள், போன வருஷம் போட்டோ அனுப்பினாள். கல்யாணப்பொண்ணு பிரவீணா, கல்யாணம் ஆகிக் குழந்தையும் இருக்கும், இன்னும் கல்யாணப்பொண்ணுதான் என் போனில். எத்தனை பேர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அத்தனை பேர் உயிரையும் கையில் பிடித்திருக்கிறேன், அவர்களும் என் உயிரைப் பிடித்திருக்கிறார்கள், ஒரு மாதம், லைசென்ஸ் வரும் வரை. அதற்குப் பிறகு சிக்னலில் பார்த்தால் கை காட்டுவார்கள். இவர்களில் ஒருத்தியிடம் என்னவென்று கேட்பது, வாரம் ஒருதரம் வந்து கழுத்தைத் தொடு என்றா? மனோகரன்? அவருக்குத் தெரிந்தால் தெரு முழுக்கத் தெரியும், வியாதிக்காரியிடம் யார் வண்டி கற்றுக்கொள்ள வருவார்கள்? அப்புறம் தாமரை. என் தங்கை. தாராபுரத்தில் இருக்கிறாள். அந்தப் பெயரில் விரல் நின்றது, தாண்டிப் போனது, மறுபடி திரும்பி வந்தது. அவளோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் யாராவது நடுவில் வந்து சமாதானம் செய்திருப்பார்கள், அழுதிருப்போம், முடிந்திருக்கும். அம்மா போனபிறகு ஊருக்குப் போவது குறைந்தது, அவர் போனபிறகு அவள் இங்கே வருவது குறைந்தது, அவளுக்கு மாமியார், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், எனக்கு ஞாயிற்றுக்கிழமைகூட கிளாஸ். பொங்கலுக்கு ஒரு போன், தீபாவளிக்கு ஒரு போன், நடுவில் பூப்போட்ட காலை வணக்கம். நல்லாருக்கியா, நல்லாருக்கேன், எல்லாரும் நல்லாருக்காங்களா, நல்லாருக்காங்க. இத்தனை வருஷம் நல்லா இருந்துவிட்டு இப்போது போய் உன் நம்பரைக் கொடு என்றால், ஓ, இதற்குத்தானா என்று அவள் நினைக்க மாட்டாளா? நினைக்க மாட்டாள். நினைத்தால்? அவள் எதுவும் நினைக்கும் முன்பே ஓடி வந்து நிற்பாள் என்பதுதான் பயமோ என்னவோ. வந்து நின்றால் என்ன பேசுவது? எனக்குப் பேசத் தெரிந்ததெல்லாம் பிரேக், கிளட்ச், கண்ணாடியப் பாருங்க.

அப்போதுதான் பைக்குள் இன்னொரு போன் இருப்பது நினைவு வந்தது. டிரைவிங் ஸ்கூல் நம்பர், போர்டில் எழுதியிருக்கிறதே அது. அவர் வைத்திருந்த போன். அதுவும் ஒரு நம்பர்தானே. என் நம்பர் என்று எங்கே எழுதியிருக்கிறது? எழுந்து கவுன்டருக்குப் போனேன். ஜெசிந்தா சிஸ்டர் தலை நிமிராமல் பெயரைக் கேட்டாள், சொன்னேன். இன்னொருத்தர் நம்பர் என்றாள், சொன்னேன். என்ன வேணும் உங்களுக்கு என்றாள். பையன் என்றேன். பேர்? பேரை யோசிக்கவில்லையே. "கதிரேசன்," என்றேன், எங்கிருந்து வந்ததோ. தட்டிக்கொண்டாள். "ஒருதரம் அடிச்சுப் பாத்துக்கறேங்க மேடம், நெறையப் பேரு தப்பாக் குடுத்தர்றாங்க," என்றாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் கவுன்டர் போனில் அடித்துவிட்டாள்.

என் பைக்குள் மணி அடித்தது. அந்தப் பழைய போனுக்குச் சத்தம் அதிகம், வண்டிக்குள் ஹாரனுக்கு நடுவில் கேட்க வேண்டும் என்று அவர் வைத்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், போனை எடுங்கம்மா என்றார் ஒருவர். நான் எடுக்கவில்லை. ஜெசிந்தா சிஸ்டர் ரிசீவரைக் காதில் வைத்தபடியே என் பையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ரிசீவரை வைத்தாள். மணி நின்றது. திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அவள் திட்டவில்லை, கண்ணாடித் தடுப்புக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

"மேடம், கம்ப்யூட்டர்ல எந்த நம்பரப் போட்டாலும் எடுத்துக்கும். ஆனா நீங்க வராத அன்னைக்கு நான் இதுக்குத்தான் அடிப்பேன். அடிச்சா எங்க அடிக்கும், சொல்லுங்க?"

தலையை ஆட்டிவிட்டு வரிசையை விட்டு நகர்ந்தேன். ஜன்னல் ஓரம் போய் நின்றேன். கீழே வேப்பமரம், அதன் அடியில் என் வண்டி, மேலே சிவப்பில் எல் எழுதிய போர்டு. எங்கே அடிக்கும்? பூட்டின வீட்டுக்குள் அடிக்கும். மேசைமேல் அடிக்கும், நான் தரையில் விழுந்து கிடந்தால் என் தலைமாட்டில் அடிக்கும், அடித்து அடித்து சார்ஜ் தீர்ந்து நிற்கும். இடது கை மறுபடி கழுத்துக்குப் போயிருந்தது. இந்தத் தடவை அழுத்திப் பார்க்கவில்லை, சும்மா வைத்திருந்தேன். வலது கை தாமரையை அழுத்திவிட்டது.

"அக்கா? என்ன இந்நேரத்துல?"

"சும்மாதான்."

"இரு, குக்கர எறக்கிட்டு வந்தர்றேன்." பாத்திரங்கள், யாரையோ அதட்டுவது, கதவு. இப்போதே வைத்துவிடலாம், கை தவறிப் பட்டுவிட்டது என்று அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். "ம், சொல்லு."

"உன்ற நம்பர ஒரு எடத்துல குடுக்கணும் தாமரை. குடுக்கட்டுமா?"

"குடேன். இதுக்கெல்லாமா கேப்பாங்க? எங்க, பேங்க்லயா?"

"ஆஸ்பத்திரில."

"யாருக்கு?"

"எனக்குத்தான். நாக்குல ஒரு கட்டி. எடுத்தாச்சு. கேன்சர்தான்." அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொல்வது அதுதான் முதல் தடவை. "கழுத்துக்குப் பரவாதுன்னு டெஸ்ட்ல வந்திருக்கு, இன்னைக்குத்தான் சொன்னாங்க. ஆனா மாசாமாசம் காட்டணும். நான் போகலைன்னா உன்னக் கூப்பிடுவாங்க. அதுக்குத்தான்."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன், இருந்தது.

"எப்ப எடுத்தாங்க?"

"ஆவணில."

"ஆவணிலதான விநாயகர் சதுர்த்தி வந்துச்சு. மெசேஜ் பண்ணினமே. கொழுக்கட்டை பண்ணினயான்னு கேட்டேன், பண்ணினேன்னு போட்ட."

"ம்."

"பண்ணினயா?"

"இல்ல."

"நாக்க அறுத்துட்டு ஒக்காந்துட்டு, எங்கிட்ட, கொழுக்கட்டை பண்ணினேன்னு..." அவள் குரல் உடைந்தது, உடைந்ததை மறைக்கக் கத்தினாள். "கூட யாரு இருந்தா உனக்கு? கேக்கறன்ல, யாரு இருந்தா?"

"ஜெராக்ஸ் கடைக்காரர் கையெழுத்துப் போட்டாரு."

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. எனக்கும் அதேதான் வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உடுமலை அம்மா வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள். "பையனுங்களா?" என்று சைகையில் கேட்டாள். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "இல்லீங்க. பையன் இல்லீங்க எனக்கு. தங்கச்சி," என்றேன். அவள் கொஞ்சம் விழித்துவிட்டு, "பேசுங்க, பேசுங்க," என்று சொல்லி நகர்ந்தாள்.

"யாருகிட்டப் பேசற? மொதல்ல நம்பரக் குடுத்துட்டு வா போ," என்றாள் தாமரை. "வெக்காத. லைன்லயே இரு."

போனைக் காதில் வைத்துக்கொண்டே கவுன்டருக்குப் போனேன். தாமரையின் நம்பர் எனக்கு மனப்பாடமாகத் தெரியாது, பைக்குள் இருந்த அவர் போனை எடுத்து அதில் பார்த்துச் சொன்னேன். ஜெசிந்தா சிஸ்டர் கதிரேசனை அழித்துவிட்டுத் தட்டிக்கொண்டாள். என்ன வேணும் என்றாள். தங்கச்சி என்றேன். இந்தத் தடவை அவள் அடித்துப் பார்க்கவில்லை.

"குடுத்துட்டயா?"

"குடுத்துட்டேன்."

"நாளைக்கு வர்றேன்."

"வேண்டாம் தாமரை, பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், உன்ற மாமியாருக்கு யாரு..."

"உன்னயக் கேக்கல." அதட்டினாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "அக்கா, நீ அந்த ராமநாதபுரம் ஸ்டாப் வூட்லதான இருக்கற?"

"இல்ல. மாத்திட்டேன்."

"எப்ப?"

"ரெண்டு வருஷமாச்சு."

டிராயர் இழுக்கிற சத்தம், காகிதம் கிழிக்கிற சத்தம். "சொல்லு. எழுதிக்கறேன்."

சொன்னேன். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கு, உள்ளேயே நிற்காதே, வெளியே வந்தால் டவுன் பஸ் வரும். குளத்துக்கரை ஸ்டாப். இறங்கினதும் ஒரு பேக்கரி. அதை ஒட்டி ஒரு சந்து. அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள், பேக்கரி, ஒட்டி சந்து, ம். சந்து முடிகிற இடத்தில் பச்சை கேட். பச்சை கேட், ம். நாக்கு தடித்து சில எழுத்துகள் புரண்டன, அவள் மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னேன், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. மதிய கிளாஸ் பெண் காத்திருப்பாள், காத்திருக்கட்டும்.

"மாடியா, கீழயா?"

"மாடி. படி பக்கவாட்டுல இருக்கும். அங்க பகல்லயே இருட்டா இருக்கும், பாத்து வா."

"நீ கீழ வந்து நில்லு," என்றாள் தாமரை.